ஒன்றுக்கு ஐம்பது

அடையாற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு நீலக் கட்டை போதும் என்று
முதலில் கணக்குப் போட்டேன்.
போதவில்லை.
பர்மா பஜாரில் ஒருவன் தராசில் நிறுத்துக் கொடுத்தான்,
எந்தெந்தப் பெட்டிகளின் மிச்சமோ,
நீலத்தோடு பச்சையும் கொஞ்சம் கறுப்பும் கலந்திருந்தது.
இருக்கட்டும், இந்த ஆற்றுக்கு அது பொருந்தும்.

வருடம் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு, ஐப்பசி.
தென்கரையில் பிரெஞ்சுக்காரர்கள்,
வடகரையில் நவாபின் படை.
இடம்: மந்தைவெளி, மூன்றாம் மாடி, சாப்பாட்டு மேசை.
இரண்டு மாதமாக நாங்கள்
தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஒரு பொம்மைக்கு ஐம்பது உயிர்.
வணிகவரி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம்,
எனக்கு விகிதம் போடத் தெரியும்.
நவாபுக்குப் பத்தாயிரம் என்கிறார்கள்: இருநூறு பொம்மை.
வெள்ளைக்காரர் முந்நூறு: ஆறு.
அவர்களோடு நடந்து வந்த நம்மூர்ச் சிப்பாய்கள்
எழுநூறு: பதினான்கு.
ஆறு பேர் இருநூறு பேரை விரட்டினார்கள் என்றே
நான் வாங்கிய புத்தகம் பேசிக்கொண்டு போனது.
அந்தப் பதினான்கு பேரைத் தேடினேன்.
அடிக்குறிப்பில் இருந்தார்கள்.

முகம்தான் சிக்கல்.
வெள்ளைக்காரனும் மஞ்சள், சிப்பாயும் மஞ்சள்,
குதிரைக்காரனும் மஞ்சள்.
சுடுகிறவனுக்கும் சுடப்பட்டவனுக்கும்
ஒரே சிரிப்பு.
தலைப்பாகை எங்கும் கிடைக்காமல்
சிப்பாய்களுக்குத் தீயணைப்பு வண்டிக்காரர்களின்
சிவப்புத் தொப்பி.
நவாபின் பீரங்கிக்காரர்கள் நான்கு பேரும்
பீட்சா கடைப் பெட்டியிலிருந்து வந்தவர்கள்,
மார்பில் இன்னும் ஏப்ரன்.
குதிரை மொத்தம் பதினொன்று.
மீதிக் குதிரைப்படை தோப்புக்குப் பின்னால் நிற்பதாக
வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு தண்ணீர் குடிக்க எழுந்தால்
காலடியில் ஒரு கட்டை.
அந்த நொடியில்
நான் எந்த ராஜாவுக்கும் விசுவாசி இல்லை.

ஜெசிந்தா இதுவரை சண்டையைப் பற்றி
ஒரு வார்த்தை கேட்டதில்லை.
நேற்று பாத்திரம் கழுவிவிட்டு வந்தவள்
ஈரக் கையை நைட்டியில் துடைத்தபடி குனிந்தாள்.
"இது குவிபிள் தீவுதானே?"
"ஆமா."
"பீரங்கிய எங்க ரீட்டா சித்தி மேல நிறுத்திருக்க."

அளந்து பார்த்தேன்.
அவள் சொன்னது சரி, ஒரு கட்டை கூட விலகவில்லை.
கல்லறைத் திருநாள் சாயங்காலம்
மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் வாங்கிக்கொண்டு
வருடா வருடம் நாங்கள் போய் நிற்கிற இடம்.
கடற்காற்றில் சுடர் நிற்காது,
அவள் இரண்டு உள்ளங்கையையும் அணைகட்டுவாள்,
நான் தீப்பெட்டியோடு காத்திருப்பேன்.
சித்திக்கும் கீழே யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று
ஒரு வருடமும் தோன்றியதில்லை.

"எத்தன பேரு செத்தாங்க?"
"அவங்க பக்கம் எழுதி வெச்சிருப்பாங்க.
நம்ம பக்கம் யாரும் ஒழுங்கா எண்ணல."
"நம்ம பக்கம்னா எது?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
வடகரையைப் பார்த்தேன்.
தென்கரையில் சிவப்புத் தொப்பிகளைப் பார்த்தேன்.
சுட்டுவிரலைத் தூக்கினேன்,
எங்கே நீட்டுவது என்று தெரியாமல்
மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

அவள் காத்திருக்கவில்லை.
பீரங்கியைக் கழற்றி
நாலு புள்ளி தள்ளி அமுக்கினாள், டிக்.
இனி அது வெடித்தால் குண்டு
யார் மேலும் படாமல் ஆற்றில் விழும்.
தப்பு என்று தெரியும். நான் தொடவில்லை.

"அந்த பீட்சாக்காரங்க ஏப்ரனயாவது மறை,
சண்டைக்கு வந்திருக்காங்க."

அது துணி இல்லை, அச்சு.
மறைக்க ஒரே வழி, இடுப்புக்கு மேலே
உடம்பைத் திருப்பி மாட்டுவது.
திருப்பினேன்.
இப்போது நால்வருக்கும்
கால் ஆற்றைப் பார்க்கிறது,
முகமும் மார்பும் சாந்தோமைப் பார்க்கின்றன.
நிற்கிறார்களா ஓடுகிறார்களா என்று
மணி ஒன்றரை வரை
பார்த்துக்கொண்டே இருந்தோம்.